யாரிடமும் பகிர வேண்டாம்

பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்களா மாட்டார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரில் வரிசைக்கு வரிசை மாறும். சொல்லாத ஆள் நிற்கிற வரிசையாகப் பார்த்து நிற்க வேண்டும், என் ராசிக்கு அது எங்கே வாய்க்கிறது. எனக்கு முன்னால் நிற்கிறவர் யாரும் கேட்காமலே ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைகிற மாதிரி நிற்கிறார், முதல் தடவை பறக்கிறார் போல, பாவம், நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு அந்தப் பயமெல்லாம் போய்ப் பல காலம் ஆயிற்று. பயம் காலி பண்ணின இடத்தில் அலுப்பு வந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. மாதத்தில் பாதி இந்த வரிசையில் கழிகிறது, மீதிப் பாதி இதே மாதிரி இன்னொரு ஊர் வரிசையில். ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி, மறுபடியும் ஹைதராபாத். இதில் வேடிக்கை என்னவென்றால் என் வீடு இங்கேதான், சென்னை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், பொழிச்சலூரில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் அடிவயிறு தெரியும், சக்கரம் உள்ளே மடங்குவது தெரியும், கீழே டிவியில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது மட்டும் கேட்காது. வீட்டு வாசலில் ஆட்டோ ஏறி இங்கே வந்து இறங்கினால் சட்டையின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாது, அவ்வளவு பக்கம். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நான் வெளியூர்க்காரன். இந்து அப்படித்தான் சொல்லுவாள், அக்கம்பக்கத்தில் யாராவது சார் இருக்காரா என்று கேட்டால், ஊர்ல இல்லைங்க என்பாள், நான் இங்கே ரன்வேக்கு இந்தப் பக்கம் இடுப்பில் பெல்ட் இல்லாமல் நின்றுகொண்டிருப்பேன்.

கையில் போன் அதிர்ந்தது. இந்துதான். இந்துமதி, என் மனைவி. "என்னங்க, ஓடிபி ஒண்ணு வரும், பாத்துச் சொல்றீங்களா?" ஹலோ கிடையாது, செக்கின் ஆச்சா கிடையாது. "வரிசைல நிக்கறேன் இந்து, இப்ப போனை ட்ரேல போடணும். கொஞ்சம் இரு," என்றேன். "சரி, வெளிய வந்ததும் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள். எதற்கு ஓடிபி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்கிற வழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. கல்யாணம் ஆன புதிதில் கேஸ் இணைப்பு வாங்கினேன், அதில் என் நம்பர். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், அதில் என் நம்பர். பேங்கில் ரெண்டு பேர் பேரிலும் கணக்குத் தொடங்கினபோது அந்தப் பையன் யார் நம்பர் சார் போடணும் என்று கேட்டான், இந்து தன் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள், அதற்குள் நான், ஒரே நம்பரா இருக்கட்டுமேப்பா, குழப்பம் இருக்காது என்று சொல்லிவிட்டேன். குழப்பம் இல்லைதான். பால்காரர் ஆப், கரண்ட் பில், எங்கள் பெண் பூரணியின் காலேஜ் ஃபீஸ், வீட்டு வாசலில் வந்து நிற்கிற மளிகைப் பையன், எல்லாவற்றுக்கும் பொழிச்சலூரில் ஒரு பொத்தானை அமுக்கினால் விஜயவாடாவில் என் சட்டைப்பையில் மணியடிக்கும். நான் எடுத்துப் படிப்பேன். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லுவாள். நாலு. நாலு. ஏழு. ஏழு. ஒம்போது. ஒம்போதா, ஒண்ணா? ஒம்போதும்மா. ஒம்போது. சரி வந்துருச்சு, வச்சிடறேன். இதுதான் நாங்கள் பேசுகிற பேச்சு. நான் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை, எத்தனை வீட்டில் இதுகூட இல்லை. குக்கர் கேஸ்கட் போய்விட்டது, பூரணி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள், அரிசி தீர்ந்துவிட்டது, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும், யாரும் சொல்லாமலே. ஒருநாள் மருந்துக் கடையிலிருந்து ஒரு ஓடிபி வந்தது, என்ன மருந்து, யாருக்கு மருந்து என்று மீட்டிங் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் பல்லிக்கு அடிக்கிற ஸ்பிரே. அதற்கும் அவளிடம் நான் கேட்கவில்லை, அலமாரியில் இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வரிசை நகரமாட்டேன் என்கிறது. ஒரு அம்மாள் பையைத் திறந்து ஊறுகாய் பாட்டிலுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார். மாவடுங்க, தம்பி, மாவடு, தண்ணி இல்ல, என்கிறார். அந்தக் காவலருக்கு மாவடு புரியவில்லை, கையால் இல்லை இல்லை என்கிறார். பக்கத்தில் நிற்கிற பையன்கள் கழுத்தில் ஆளுக்கொரு தலையணை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் ஒரே நிறம், ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம் போட்டிருப்பான். அந்தப் பக்கம் போனதும் சென்ட் கடைப் பெண் ஓடி வந்து ஒரு காகிதத் துண்டை நீட்டுவாள், அதற்குப் பிறகு காப்பிக் கடை, அங்கே ஒரு காப்பியின் விலையைக் கேட்டால் வந்த தூக்கம் போய்விடும், காப்பி குடிக்க வேண்டியதே இல்லை. இந்த இடத்தில் என்னை மாதிரி ஒரு ஆள் நின்று அலுத்துக்கொள்வதில் நியாயம் கிடையாது, ஏனென்றால் நான் பிழைப்பதே இந்த வரிசையால்தான். நான் விற்பது கேமரா, கதவுச் சட்டம் மாதிரி நிற்குமே மெட்டல் டிடெக்டர், கையில் தடவுகிற கருவி, எல்லாம். துணிக்கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, மாலுக்கு. மால் வாசலில் நீங்கள் நுழைகிறபோது கிய்யென்று கத்துகிறதே, அது எல்லாருக்கும் கத்தும், குழந்தைக்கும் கத்தும், வாட்ச்மேன் பரவாயில்லை போங்க என்பார். சில இடத்தில் பிளக்கே மாட்டியிருக்காது. ஒரு தடவை நான் சர்வீஸுக்குப் போய் இதற்கு மின்சாரமே வரவில்லையே என்றேன், மேனேஜர் சொன்னான், தெரியும் சார், அது கத்தினா கஸ்டமருக்குக் கோபம் வருது, அதை எடுத்துட்டா கஸ்டமருக்குப் பயம் வருது, அதனால சும்மா நிக்கட்டும்னு விட்டுட்டோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் என் முறை வந்தது. பெல்ட்டைக் கழற்றத்தான் சொன்னார்கள். லேப்டாப் ஒரு ட்ரேயில், பை ஒரு ட்ரேயில், போனைப் பெல்ட்டுக்கு நடுவில் சுருட்டிப் பையோடு வைத்தேன், அது ரப்பர் பாதையில் நகர்ந்து பெட்டிக்குள் நுழைகிறபோது ஒரு தடவை அதிர்ந்ததைப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் வந்தது, உள்ளே போய்விட்டது. ஓடிபி வந்துவிட்டது. கையை விரித்து நில் என்றார்கள், நின்றேன், திரும்பு என்றார்கள், திரும்பினேன். ஓடிபிக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான், அதற்குள் எடுத்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் மறுபடி முதலிலிருந்து எல்லாம் அடிக்க வேண்டும், மறுபடி எனக்குப் போன் பண்ண வேண்டும், அதில் ஒரு சலிப்பு அவள் குரலில் வரும், கோபமெல்லாம் இல்லை, கோபப்பட்டால்கூடத் தேவலை. அந்தப் பக்கம் போனால் ட்ரே வரவில்லை. என் பையை ஓரங்கட்டிவிட்டார்கள், ட்ரேயோடு, போனோடு. "இந்த பேக் யாரோடது?" என்று ஒரு பெண் காவலர் கேட்டார், தமிழ் பேசுகிறவர், மதுரைப் பக்கம் போல, பெயர்ப்பட்டையில் முத்துலட்சுமி என்று இருந்தது. என்னுதுதாங்க மேடம் என்றேன். திறந்து, கடைக்காரர்களிடம் காட்ட நான் வைத்திருந்த சாம்பிள் கேமராவை எடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்தார். "உள்ள ஒண்ணுமே இல்லையே சார்?" ஆமாங்க மேடம், ஒண்ணும் இருக்காது, டம்மி, ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு லைட்டு, அது மினுக்கு மினுக்குன்னு எரியும், அவ்வளவுதான். "படம் புடிக்காதா?" புடிக்காதுங்க. "அப்ப இது எதுக்கு?" பாக்கறவன் பயப்படறதுக்கு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினார். "இதைக் காசு குடுத்து வாங்குறாய்ங்களா?" நெசக் கேமராவைவிட இதுதான் மேடம் போகுது. "எங்க அண்ணன் கடைக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம் போலயே," என்று சொல்லிக்கொண்டே மூடியை மாட்டினார், அது சரியாகப் பொருந்தவில்லை, நான் வாங்கி மாட்டினேன். இதற்குள் பெல்ட்டுச் சுருளுக்குள் போன் இரண்டாம் தடவை அதிர்ந்து அடங்கியது. எடுக்கலாமா என்று கை நீட்டினேன், இருங்க சார், ஒரு தடவை திரும்ப ஸ்கேன் பண்ணிடறோம் என்றார். திரும்பவும் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று.

கையில் போன் வந்ததும் பெல்ட்டைக்கூட மாட்டாமல் ஓரமாக நின்று மெசேஜைத் திறந்தேன். இத்தனை வருஷமாக ஓடிபி என்றால் நான் கடைசியில் இருக்கிற எண்ணை மட்டும்தான் பார்ப்பேன், முன்னால் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, யார் படிக்கிறார்கள். இன்றைக்கு என்னமோ கண் மேலே போயிற்று. கணக்கோடு பதிவான கைபேசி எண்ணை மாற்ற விண்ணப்பித்திருக்கிறீர்கள், அதற்கான எண் இது, இதை யாரிடமும் பகிர வேண்டாம். நான் மறுபடி படித்தேன். எண்ணை மாற்ற. என் எண்ணை. மாற்றி என்ன எண். இந்துவிடம் சொந்தமாகப் போன் இருக்கிறது, ரொம்ப நாளாக இருக்கிறது, அந்த எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது, பேரைத் தொட்டால் போகிறது, எதற்கு மனப்பாடம். போன் கையிலேயே அடித்தது. "என்னங்க, வந்துச்சா?" என்றாள். என் வாய் தானாக, "வரலையே," என்றது. "வரலியா?" "இன்னும் வரல. டவர் இங்க ஒரு மாதிரி இருக்கு." "சரி, திரும்ப அனுப்பச் சொல்றேன்," என்றாள். எதற்கு இந்து, யார் மாற்றச் சொன்னது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஒன்றையும் நான் கேட்கவில்லை. அவள் வைத்த பிறகு பெல்ட்டை மாட்டினேன், ஒரு ஓட்டை தவறி மாட்டிவிட்டேன், இறுக்கமாக இருந்தது, அப்படியே நடந்தேன்.

போர்டிங் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஒரு நம்பர். நம்பரை மாற்றினால் மாற்றிவிட்டுப் போகட்டும். நல்லதுதானே, எனக்குத் தொல்லை விட்டது, எத்தனை தடவை நானே சலித்துக்கொண்டிருக்கிறேன், மீட்டிங்கில் இருக்கும்போதா கூப்பிடுவது என்று. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லாமல் செய்கிறாள் என்றால். செய்கிறாள் என்றால் என்ன, சொல்லு. பக்கத்து ஃபிளாட்டில் சம்பத் வீட்டில் இப்படித்தான் முதலில் அவர் மனைவி தனியாகக் கணக்குத் தொடங்கினாள், அப்புறம் தனியாக வண்டி, அப்புறம் தனியாக வீடு. சே, இந்து அப்படி இல்லை. அப்படி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். அவள் எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், மாதம் ஒரு தடவை அரிசி வாங்குவாள், வெள்ளிக்கிழமை பூ வாங்குவாள், தீபாவளிக்கு முன்னால் ஆன்லைனில் நைட்டி வாங்குவாள், இவ்வளவுதான் எனக்குத் தெரியும், எல்லாம் மெசேஜில் வந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு ஓடிபி வருவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைப்பானேன். அந்த வீட்டில் என்னைக் கூப்பிட இருக்கிற ஒரே காரணம் இந்த ஆறு எண்தான், அது போய்விட்டால் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள். சம்பளம் பாட்டுக்குப் போய் விழும். நான் பாட்டுக்கு ஊர் ஊராகத் திரிவேன். ஹோட்டல் அறையில் சின்னச் சின்ன ஷாம்பு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவேன், வீட்டு பாத்ரூம் அலமாரியில் அவை அடுக்கடுக்காக நிற்கின்றன, யாரும் அதைத் தொடுவதில்லை, பூரணி ஒரு நாள் அம்மா இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா என்று கேட்டதற்கு இந்து, அப்பா கொண்டாந்தது, இருக்கட்டும் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் ஹாலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். போன் மறுபடி அதிர்ந்தது. புது எண் வந்திருந்தது. அதே வாசகம், வேறு ஆறு எண்.

நான் பேசாமல் இருந்துவிட்டால் என்ன. விமானத்தில் ஏறிவிட்டேன், போன் அணைந்துவிட்டது என்று சொன்னால் யார் கண்டது. இன்றைக்கு நடக்காது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிடுவாள், இன்னொரு நாள் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு ஏன் இது திடீரென்று தோன்றியது. திடீரென்றா. திடீரென்று இல்லை, எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இங்கே உட்கார்ந்து என்னிடமே நடிக்கிறேன். சித்திரையில் பூரணி ஸ்கூட்டரோடு பம்மல் சாலையில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நான் விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், மேகத்துக்கு மேலே தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டார்கள், கார்டு இந்துவிடம் இருந்தது, ஓடிபி என்னிடம் வரும். சென்னையில் தரை தட்டினதும் போனைப் போட்டேன், வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் காலாவதியான எண்கள், நடுநடுவே அவள் கூப்பிட்ட கணக்கு. நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்து பூரணி கட்டோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டு சம்பத் தன் கார்டைத் தேய்த்திருந்தார். என்கிட்ட சொல்லியிருக்கலாமே இந்து என்று நான் முட்டாள்தனமாகக் கேட்டேன். சொல்லத்தான் போன் போட்டேன் என்றாள். திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், என் வேலை அப்படி, நான் என்ன உல்லாசப் பயணமா போனேன் என்று. திட்டவில்லை. ராத்திரி எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள், ஒன்று போதுமா இன்னொன்று வேணுமா என்று கேட்டாள். அன்றைக்கே முடிவு பண்ணியிருப்பாள்.

போன் அடித்தது. எடுத்துவிட்டேன், எடுக்காமல் இருக்க வரவில்லை. இந்தத் தடவை சுற்றிலும் சத்தம் கேட்டது, டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிற அந்தப் பெண் குரல், யாரோ இருமுவது. பேங்கில் நின்றுகொண்டு பேசுகிறாள். "என்னங்க, இப்பவும் வரலியா?" நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளைக் குரல், கிளார்க்காக இருக்க வேண்டும், "ஏம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாருங்க. உங்க ஹஸ்பெண்ட் நம்பர்தானே, அவரை மெசேஜைப் பாக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கு அவரையே கூட்டிட்டு வாங்க." இந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருப்பாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. "கொஞ்சம் பொறுங்க சார். அவரு ஏர்போர்ட்ல இருக்காரு. வெளியூர் போறாரு, பெரிய வேலை, அங்க போனை வாங்கி வச்சிருவாங்க. அவரு பாத்தா உடனே சொல்லிருவாரு." உடனே சொல்லிருவாரு. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது, எனக்கு நன்றாகக் கேட்டது, என் காதுக்காகச் சொன்னதல்ல, அந்த கிளார்க்குக்காகச் சொன்னது. அந்த நிமிஷம் எனக்கு என் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரிலும் இப்படித்தான் நின்றிருப்பாள், இப்படித்தான் சொல்லியிருப்பாள், பின்னால் ஆட்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள், நான் மேலே ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். "வந்துருச்சு இந்து," என்றேன். "வந்துருச்சா? சொல்லுங்க சொல்லுங்க." "எட்டு." "எட்டு." "ரெண்டு." "ரெண்டு." "ரெண்டு." "இன்னொரு ரெண்டா?" "ஆமா, இன்னொரு ரெண்டு." "ம்." நான் மெதுவாகச் சொன்னேன், தேவைக்கு மேல் மெதுவாக. "ஆறு." "ஆறு." "பூஜ்யம்." "பூஜ்யம். கடைசி என்ன?" கடைசி எண்ணைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "அஞ்சு," என்றேன். "அஞ்சு," என்றாள். கிளார்க் ஏதோ தட்டினான். "முடிஞ்சுதும்மா, இனிமே எல்லாம் உங்க நம்பருக்கே வந்துரும்." அவள் மூச்சு விட்டது போனில் கேட்டது. "உங்ககிட்ட நேத்தே சொல்லணும்னு இருந்தேங்க, நீங்க அசந்து தூங்கிட்டீங்க, எழுப்ப மனசு வரல. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. நீங்க பறந்துட்டு இருக்கீங்க, நம்பரும் சேந்து பறக்குது, நான் கீழ நின்னுட்டு என்ன பண்றது? கேஸ், காலேஜ் எல்லாத்தையும் இதே மாதிரி மாத்திடறேன், பூரணி வெளிய வண்டியோட நிக்கறா, வெயில்ல. உங்களுக்கும் தொல்லை இல்ல பாருங்க. சரி, வச்சிடறேன்." சரிம்மா என்றேன். தொல்லை இல்லை.

சற்று நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் எண் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, இது நீங்கள் செய்தது அல்ல என்றால் உடனே தெரிவிக்கவும். யாருக்குத் தெரிவிப்பது. கேட்டில் வரிசை ஆரம்பித்துவிட்டது, கூப்பிடுவதற்கு முன்னாலேயே எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், விட்டுவிட்டுப் போய்விடுவான் என்கிற மாதிரி, நானும் எழுந்து நின்றேன். கையில் போன் சும்மா இருந்தது. ஹைதராபாத்தில் ஹோட்டல் அறையில் இது மேசை மேல் சும்மா கிடக்கும், நாளைக் காலையில் நான் கேமரா விற்கப் போகிற பட்டுச்சேலைக் கடை முதலாளி முன்னால் சும்மா கிடக்கும். அரிசி தீர்ந்தால் அவள் போனில் மணியடிக்கும், அவளே படித்து அவளே அடித்துக்கொள்வாள், யாரும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஓர் ஆசை வந்தது, வெட்கம்கெட்ட ஆசை, அவளைக் கூப்பிட வேண்டும் என்று. எதற்கு என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் நானாகக் கூப்பிட்டதெல்லாம் விமானம் தாமதம், சாவியை எங்கே வைத்தாய், ஆதார் நகல் அனுப்பு, இப்படித்தான். கூப்பிட்டால் என்ன, என் பெண்டாட்டிதானே, கூப்பிடக்கூடாதா. பேரைத் தொட்டேன். முதலில் அந்த அறிவிப்பு வந்தது, தெரியாதவர்கள் போலீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டால் நம்பாதீர்கள், பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மணி அடிக்கும், நான் காத்திருந்தேன். உடனே எடுத்துவிட்டாள், காற்றுச் சத்தம், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். "என்னங்க, மறுபடி ஏதாச்சும் ஓடிபி வந்துச்சா?" "இல்ல." "அப்ப பேங்க்லேருந்து கூப்பிட்டாங்களா?" "இல்ல இந்து." "பிளேன் லேட்டா?" "இல்ல, ஏறப் போறேன்." "பின்ன என்ன?" "ஒண்ணும் இல்ல. சும்மாதான் போட்டேன்." "சும்மாவா?" என்றாள். "என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? மறைக்காம சொல்லுங்க." "அதெல்லாம் இல்லம்மா." "பக்கத்துல யாராச்சும் நின்னு மிரட்டறாங்களா? பேச முடியலன்னா ம்னு மட்டும் சொல்லுங்க." "யாரும் இல்ல இந்து, நான் நல்லாத்தான் இருக்கேன்." பின்னாலிருந்தவர் பெட்டியால் என் காலை இடித்து, நகருங்க சார் என்றார், நகர்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும், இத்தனை தூரம் கூப்பிட்டாயிற்று, அவளிடம் பயப்படாதே என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக ஏதாவது, எல்லாரும் சொல்கிற மாதிரி. "சாப்பிட்டியா இந்து?" என்றேன். அந்தப் பக்கம் அவள் குரல் மாறிவிட்டது. "பூரணி, வண்டியை ஓரமா நிறுத்துடி, நிறுத்து, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றாள்.